சீட்டில்லாமல் வாங்கும் மருந்து: காவல் யார்?

மாலை ஏழு மணி. ஒரகடம் கூட்டுச்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. வேலை முடிந்து இறங்கும் பெண் ஒருத்தி நேரே மருந்துக்கடைக்குப் போகிறாள். "தம்பி, பிள்ளைக்கு ரெண்டு நாளா சளி, இருமல். ஏதாச்சும் குடுங்க" என்கிறாள். "எத்தனை வயசுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டுகிறார். மருத்துவர் சீட்டு இல்லை. கேள்வியும் அத்துடன் முடிந்தது.

இத்தகைய காட்சியை நீங்கள் உங்கள் ஊரிலும் நாள்தோறும் காணலாம். காய்ச்சல் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து, தைலம், இருமல் பாகு ஆகியவற்றை நாம் பற்பசை வாங்குவதுபோலவே வாங்குகிறோம். புட்டிக்குள் இருப்பது சீட்டில் அச்சிட்டுள்ள பொருள்தானா என்று நாம் சோதித்துப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறோம். அந்த "யாரோ" யார்? அவர் பார்க்கத் தவறினால் என்ன நடக்கும்? இந்த இரு வினாக்களுக்கும் விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரம் வரை சென்றால் போதும்.

2025-இல் நடந்தது

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். முதலில் சாதாரணச் சளி, காய்ச்சல். மருந்து கொடுத்த சில நாட்களில் வாந்தி. பின்னர் சிறுநீர் குறைந்து அடியோடு நின்றுவிட்டது. சிறுநீரகங்கள் செயலிழந்து 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

அக்குழந்தைகள் குடித்த மருந்துகளை ஆராய்ந்தபோது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் பாகின்மீது ஐயம் விழுந்தது. அது சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் என்ற சிறிய ஆலையில் தயாரானது. 2025 அக்டோபர் முதல் நாள் மத்தியப் பிரதேச அதிகாரிகள் தமிழ்நாட்டிற்குத் தகவல் தந்தனர். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் உடனே ஆலைக்குச் சென்று மாதிரிகளை எடுத்துச் சென்னையிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். எஸ்ஆர்-13 என்ற தொகுதி எண் கொண்ட பாகில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு நூற்றுக்கு 0.1 பங்கு மட்டுமே.

இந்த எண்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் 48.6 கிராம் என்றால், 5 மில்லிலிட்டர் கொண்ட ஒரு வேளை மருந்தில் ஏறத்தாழ இரண்டரை கிராம் நஞ்சு. வரம்பைப்போல் 486 மடங்கு! புட்டியில் ஏறத்தாழப் பாதி நஞ்சு என்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டில் அம்மருந்தின் விற்பனை தடை செய்யப்பட்டது. ஆலையில் நடந்த ஆய்வில் 350-க்கு மேற்பட்ட குறைபாடுகள் பதிவாயின. மருந்துத் தரமற்ற புரொப்பிலீன் கிளைக்கால் அங்கே பயன்படுத்தப்பட்டதாக அறிக்கை கூறியது. ஆலையின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அக்டோபர் 13-ஆம் நாள் உரிமம் அறவே நீக்கப்பட்டது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமது வேலை, இந்த நஞ்சு மருந்துப் புட்டிக்குள் எப்படி நுழைகிறது என்று புரிந்துகொள்வது.

பாகுக்குள் கரைப்பான் எதற்கு?

காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் நீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 14 கிராம் கரையும். அப்படியானால் 5 மில்லிலிட்டரில் கரைவது 70 மில்லிகிராம். ஆனால் குழந்தைகளுக்கான பாகுகள் பலவற்றில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் இருக்க வேண்டும். எஞ்சியதைத் தெளிந்த பாகாகக் கரைக்க வேறு கரைப்பான் தேவைப்படுகிறது. அதற்காகவே கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற நீர்மங்களைச் சேர்க்கின்றனர். மருந்துத் தரத்தில், உரிய அளவில் இவை தீங்கற்றவை. இனிப்பும் வழவழப்பும் தருவதால் பாகுக்கு ஏற்றவை.

டைஎத்திலீன் கிளைக்கால் இவற்றின் உறவினன். இரண்டு எத்திலீன் கிளைக்கால் மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து இணைந்தால் இது பிறக்கிறது. பிசின்கள், பூச்சுகள், வண்டிகளின் பிரேக் எண்ணெய் ஆகியவற்றின் தயாரிப்பில் இதற்கு நல்ல பயன் உண்டு. அதற்குரிய இடத்தில் அது பயனுள்ள இரசாயனமே. ஆனால் நிறமற்றது, மணமற்றது, இனிப்பானது, பாகுபோல் ஒழுகுவது. கிளிசரினையும், புரொப்பிலீன் கிளைக்காலையும், இதையும் மூன்று கண்ணாடிக் குவளைகளில் வைத்தால் அனுபவமிக்க வேதியியலாராலும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல இயலாது.

அடர்த்தியைக் கொண்டு கண்டுபிடிக்கலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தூய கிளிசரினின் ஒப்படர்த்தி 1.26, டைஎத்திலீன் கிளைக்காலுடையது 1.12, புரொப்பிலீன் கிளைக்காலுடையது 1.04. தூய நிலையில் வேறுபாடு தெரியும். ஆனால் நீர், சர்க்கரை, சாயம் எல்லாம் கலந்தபின் அடர்த்தி எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே குரோமட்டோகிராபி என்னும் நிறப்பகுப்பு முறையைக் கையாளுகின்றனர். கலவையை ஆவியாக்கி நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் மறுமுனையை வந்தடையும். எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு வந்தது என்பதைக் கருவி வரைந்து காட்டும். இச்சோதனை ஒரு நாளில் முடியக்கூடியது. தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் இரவு பகலாக நடத்தி விரைவில் முடிவைத் தந்ததை மேலே கண்டோம். பாகு ஆலையை விட்டுப் புறப்படும் முன்பே இதைச் செய்திருந்தால்? இக்கட்டுரையின் மையக் கேள்வி அதுதான்.

உடலுக்குள் என்ன நேர்கிறது?

விழுங்கிய டைஎத்திலீன் கிளைக்கால் குடலில் விரைந்து உறிஞ்சப்பட்டுக் கல்லீரலை அடைகிறது. அங்கே மதுவைச் சிதைக்கும் அதே நொதி இதையும் பிடித்துக்கொள்கிறது. அதன் விளைவாக டைகிளைக்காலிக் அமிலம் உண்டாகிறது. நம் சிறுநீரகங்களில் இலட்சக்கணக்கான நுண்குழாய்கள் உள்ளன. வடிகட்டிய நீரிலிருந்து உடலுக்குத் தேவையானவற்றை மீட்டெடுப்பவை அவை. டைகிளைக்காலிக் அமிலம் அக்குழாய்களின் சுவர்ச் செல்களில் புகுந்து அவற்றைக் கொல்கிறது. சிறுநீர் நிற்கிறது, கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. அடுத்து நரம்புகளும் பாதிக்கப்படலாம்.

நஞ்சைக் காலத்தில் கண்டால் கல்லீரல் நொதியைத் தடுக்கும் மாற்று மருந்து கொடுத்தும், இரத்தத்தை இயந்திரத்தால் தூய்மைப்படுத்தியும் காப்பாற்ற வாய்ப்புண்டு. ஆனால் முதல் அறிகுறிகள் சாதாரண வயிற்றுக்கோளாறு போலிருப்பதால், "காய்ச்சல் இன்னும் தணியவில்லை" என்று அதே பாகையே மேலும் ஒரு வேளை கொடுத்துவிடுகிறோம். சிறு உடலுக்குச் சிறு அளவே போதுமானதால் இந்நஞ்சின் முதல் இலக்கு குழந்தைகளே.

முன்பே கற்ற பாடம்

இது புதிய ஆபத்தன்று. 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை நீர்மமாக்க விரும்பிய ஒரு நிறுவனம் டைஎத்திலீன் கிளைக்காலில் அதைக் கரைத்து விற்றது. சுவையையும் மணத்தையும் சோதித்தார்களேயன்றி நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. 100-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய சட்டப்படி அந்நிறுவனத்தின்மேல் சாட்ட முடிந்த குற்றம் ஒன்றே ஒன்று: மது சேராத மருந்துக்கு 'எலிக்சர்' என்று தவறான பெயரிட்டது! இந்த வெட்கத்திலிருந்து 1938-இல் புதிய சட்டம் பிறந்தது. மருந்தை விற்கும் முன் அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி அதில் இடம்பெற்றது.

நம் நாட்டுக் கணக்கும் நீளமானது. 1972-இல் சென்னையில் இதே நஞ்சினால் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 1986-இல் பம்பாயில் அரசு மருத்துவமனை ஒன்றில் கலப்படக் கிளிசரினால் 14 நோயாளிகள் மாண்டனர். நீதிபதி லெண்டின் தலைமையில் அமைந்த ஆணையம் அதை விரிவாக விசாரித்தது. 1998-இல் டில்லிக்கு அருகில் குர்கானிலும், 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் உதம்பூர் மாவட்டத்திலும் குழந்தைகள் பலியாயினர். 2022-இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் நச்சுப் பாகுகளால் இறந்தோர் 300-க்கு மேல் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் ஐயத்துக்குள்ளான பாகுகள் இந்தியாவில் தயாரானவை.

நமது சட்டம்

1930-க்கு முன் இந்தியாவில் மருந்து விற்பனைக்கு நாடு முழுமைக்குமான கட்டுப்பாடு இல்லை. மலேரியாவுக்குரிய குவினைன்கூடப் போலியாக விற்கப்பட்டது. கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த குழு 1930-31-இல் இதை ஆராய்ந்தது. அதன் பயனாக 1940-இல் மருந்துகள் சட்டமும் 1945-இல் அதன் விதிகளும் வந்தன. பல திருத்தங்களுடன் அச்சட்டமே நம் மருந்து ஒழுங்குமுறைக்கு அடிப்படையாக நின்றது.

அதிகாரம் இரு கூறாகப் பிரிந்துள்ளது. புதிய மருந்துகளுக்கும் இறக்குமதிக்கும் அனுமதி தருவது மைய அரசின் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு நிறுவனம். ஆலைக்கும் கடைக்கும் உரிமம் தருவது, ஆய்வாளரை அனுப்புவது, மாதிரி எடுப்பது ஆகியவை பெரும்பாலும் மாநிலத் துறையின் பொறுப்பு.

விற்பனையில் மருந்துகள் பட்டியல்களாக வகுக்கப்பட்டுள்ளன. 'எச்' பட்டியலில் உள்ளவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்-1' பட்டியல் மருந்துகளை விற்றால், நோயாளியின் பெயருடன் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். 'எக்ஸ்' பட்டியலுக்குக் கட்டுப்பாடு மேலும் கடுமை. இவை எதிலும் சேராதவற்றையே நாம் சீட்டில்லா மருந்து என்கிறோம். வியப்பு என்னவெனில், "சீட்டில்லா மருந்து" என்ற வகைக்கு 1940 சட்டத்தில் இலக்கணமே இல்லை. விலக்கப்படாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது என்ற முறையில்தான் அது வழங்கி வந்துள்ளது.

'கே' என்ற பட்டியல் ஒன்றும் உண்டு. 1,000 பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் மருந்துக்கடை உரிமமின்றியே மளிகைக்கடையில் விற்கத்தக்க வீட்டு மருந்துகள் அதில் உள்ளன. பாராசிட்டமால் மாத்திரை, தைலம், விளக்கெண்ணெய் ஆகியவற்றோடு இருமல் பாகும் நெடுங்காலம் அதில் இடம்பெற்றிருந்தது. 2025 நிகழ்ச்சிக்குப் பிறகே பாகை அதிலிருந்து நீக்கும் யோசனை வலுப்பெற்றது.

இரண்டு காவல்கள்

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். சிந்த்வாராவில் பல குழந்தைகளுக்கு அப்பாகை எழுதிக் கொடுத்தவர் மருத்துவர். சீட்டு இருந்தது, ஆனால் சீட்டு காப்பாற்றவில்லை. ஏன்?

மருந்துக்கு வேண்டிய காவல்கள் இரண்டு. இந்த நோயாளிக்கு இந்த மருந்து பொருந்துமா என்பது ஒன்று. புட்டியில் எழுதியதுதான் புட்டிக்குள் இருக்கிறதா என்பது மற்றொன்று. மருத்துவரும் கடைக்காரரும் முதற்காவலைத்தான் செய்ய முடியும். இரண்டாவதை ஆலையும் அரசும்தான் செய்ய முடியும். சீட்டில்லாமல் வாங்கும்போது நாம் முதற்காவலை நாமே ஏற்றுக்கொள்கிறோம். இரண்டாவது தவறினாலோ எவருக்கும் தப்பில்லை.

இரண்டாவது காவலுக்கும் படிகள் உண்டு. ஆலைக்கு வரும் மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும், தயாரான மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. கட்டடம், காற்று, நீர், கருவி, பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதை 'எம்' பட்டியல் கூறுகிறது. 2023 இறுதியில் அது கடுமையாகத் திருத்தப்பட்டது. ஆனால் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு 2025 இறுதி வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. ஆய்வாளர் அவ்வப்போது ஆலையைப் பார்வையிட வேண்டும். சுங்குவார்சத்திர ஆலையை ஈராண்டுகளாக ஆய்வு செய்யத் தவறியதாக இரு மூத்த ஆய்வாளர்கள் பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டனர்.

கடையில் மாதிரி எடுத்துச் சோதிப்பது கடைசிப் படி. அதன் குறை என்ன? ஒரு தொகுதி தூயதாகவும் அடுத்தது நஞ்சாகவும் இருக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் முதலில் சோதித்த மாதிரிகளில் நஞ்சு அகப்படவில்லை. நஞ்சு இருந்த தொகுதி கைக்கு வந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நன்கு கலந்த ஒரே பானைக்குத்தான் பொருந்தும். வெவ்வேறு பீப்பாய்களிலிருந்து வெவ்வேறு நாளில் சமைத்த பானைகளுக்கு அப்பழமொழி உதவாது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. காம்பியா நிகழ்ச்சிக்குப் பின், 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் பாகுகளை அரசு அங்கீகரித்த ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. உள்நாட்டுக் குழந்தைகள் குடிக்கும் பாகுக்கு அத்தகைய கட்டாயம் அப்போது வரவில்லை. கப்பலேறும் புட்டிக்கு ஒரு பூட்டு கூடுதலாக இருந்தது. சிந்த்வாராவுக்கு லாரியேறிய புட்டிக்கு அது இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முழுதும் கார் ஆலைகள். அங்கே ஒரு திருகாணி குறையுடையதாக வந்தால், அது எந்தப் பெட்டியில், எந்த நாளில், எவரிடமிருந்து வந்தது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். திருகாணிக்கு இருக்கும் பிறப்புச் சான்று கரைப்பானுக்கும் இருக்க வேண்டும். பெரிய செலவோ புதிய கண்டுபிடிப்போ இதற்குத் தேவையில்லை. பில்லில்லாமல் பீப்பாய் வாங்காத ஒழுக்கமும், வாங்கியதைச் சோதிக்கும் ஒரு கருவியுமே தேவை.

நாம் செய்யக்கூடியவை

நம் கையிலுள்ள முதற்காவலை ஒழுங்காகச் செய்வோம்.

சளியும் இருமலும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ்களால் வருபவை, தாமாகவே தணிபவை. இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக்கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாக அவை தேவையில்லை என்று மைய அரசு 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான நீர், ஓய்வு, தாய்ப்பால் போதும். ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிது தேன் இதம் தரும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருந்தின் வணிகப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அதனடியில் சிறிய எழுத்திலுள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால், சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் என்றால் இரண்டையும் விழுங்குவது அளவை இரட்டிப்பாக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற்பட்டால் கல்லீரல் கெடக்கூடும். பாகைச் சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். உடன் வரும் அளவுமூடியைப் பயன்படுத்துங்கள். உறையில் சிவப்புக் கட்டமும் 'ஆர்-எக்ஸ்' குறியும் இருந்தால் அது சீட்டுக்குரிய மருந்து. கேட்டவுடன் கொடுப்பது கடைக்காரரின் தயவு அல்ல, விதிமீறல்.

பில் கேட்டு வாங்குங்கள். தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பாருங்கள். குணமாகும்வரை புட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மருந்து கொடுத்தபின் குழந்தைக்கு வாந்தி எடுத்துச் சிறுநீர் குறைந்தால், மருந்தை நிறுத்திவிட்டுப் புட்டியுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள். அந்தப் புட்டி உங்கள் குழந்தையை மட்டுமன்றி வேறு குழந்தைகளையும் காப்பாற்றக்கூடும்.

பலர் அறியாத ஓர் உரிமையையும் சொல்லி முடிக்கிறோம். 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, தாம் வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளிக்கவும், கையொப்பமிட்ட அறிக்கை பெறவும் எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. அந்தப் பிரிவின் பெயரில் விண்ணப்பங்கள் வரத் தொடங்கினால், "யாரோ பார்த்திருப்பார்கள்" என்ற நம் நம்பிக்கைக்கு அடியில் கொஞ்சம் உறுதியான தரை அமையும். ஒரகடம் கூட்டுச்சாலையில் புட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தேறும் அந்தத் தாய்க்கு அதைவிடக் குறைவானது போதாது.